பாதுகாக்கும் பொறுப்பு எண்டது வெறும் கடதாசிதானோ?

விசுவமடுப் பெடியன்:
2005 ஐநா உச்சிமாநாட்டில எல்லா நாட்டுத் தலைவர்மாரும் ஒத்துக்கொண்ட விசயம் இது. இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மானிடத்துக்கு எதிரான குற்றம் இந்த நாலில இருந்தும் சனத்தைக் காப்பாத்திறது அந்தந்த அரசின்ர பொறுப்பாம், அது தவறினால் பாதுகாப்புச் சபைக்குள்ளால சர்வதேசம் கூட்டா இறங்கலாமாம். அந்த மாநாட்டு முடிவு ஆவணத்தின்ர 138, 139 ஆம் பந்தி. அடுத்த நாலு வருசத்தில எங்களுக்கு முள்ளிவாய்க்கால். என்னைக் கேட்டா அந்தக் கடதாசியைக் கிழிச்சுப் போடலாம்.

மல்லாவி அக்கா:
கிழிக்கிறது சுகம் தம்பி, பிறகு அடுத்தவன் எதைக் காட்டிக் கேக்கிறது? 94 இல ருவாண்டாவில எட்டு லட்சம் பேர் அளவில செத்தவை, 95 இல பொஸ்னியாவின்ர ஸ்ரெப்ரெனிட்சாவில ஐநா பாதுகாப்பு வலயம் எண்டு சொன்ன இடத்திலயே எண்ணாயிரம் ஆம்பிளையளையும் பெடியளையும் சுட்டாங்கள், அதுக்குப் பிறகுதான் இந்தக் கதையே வந்தது. உள்நாட்டு விசயம் தலையிடாதே எண்டு ஒரு அரசு சொன்னா முந்தி அதோட கதை முடிஞ்சுது, இப்ப அப்பிடிச் சொல்ல ஏலாது.

குளக்கட்டு:
சொல்ல ஏலாதோ?? கொழும்பு 2009 இல அதைத்தானே சொன்னது. பாதுகாப்புச் சபையின்ர நிகழ்ச்சி நிரலிலயே இலங்கை வரேல்லை, ரஷ்யாவும் சீனாவும் விடேல்லை, சும்மா கூட்ட அறைக்கு வெளியால இருந்து கதைச்சவை. மே 27 ஜெனீவாவில ஐநா மனித உரிமைச் சபை விசேட அமர்வு கூடி 29 நாடு சேர்ந்து அரசுக்குச் சாதகமாத் தீர்மானம் நிறைவேத்தினது, அதில இந்தியாவும் கை தூக்கினது. லிபியாவுக்கு மட்டும் 2011 மார்ச்சில பாதுகாப்புச் சபையின்ர 1973 ஆம் இலக்கத் தீர்மானம் சட்டெண்டு வந்துது, சனத்தைக் காப்பாத்தப் போறம் எண்டு போய்க் கடாபியைத்தான் கவிழ்த்தவங்கள். அதுக்குப் பிறகு சிரியா எண்ட உடனே ரஷ்யா சீனா ரெண்டும் வீட்டோ, தீர்மானத்தையே தடுக்கிற வாக்கு. காசாவுக்கு அமெரிக்கா போட்ட வீட்டோ எத்தினை எண்டு நீங்களே எண்ணுங்கோ. எண்ணெய் இருந்தா மனிதாபிமானம், இல்லையெண்டா உள்நாட்டு விவகாரம்.

மல்லாவி அக்கா:
அண்ணை நீங்கள் குண்டு போடுறதை மட்டுமே பாக்கிறியள். 2007 கடைசியில கென்யாவில தேர்தலோட ஆயிரத்துக்கு மேல சனம் செத்தது, முந்தின ஐநா செயலாளர் நாயகம் கொஃபி அன்னான் போய் இருந்து கதைச்சு 2008 பெப்ரவரியில உடன்பாடு. ஒரு சிப்பாய் போகேல்லை. அதுவும் இதே பொறுப்புத்தான்.

குளக்கட்டு:
கென்யாவில ரெண்டு பக்கமும் கதைக்க வந்தவை. வெல்லுறன் எண்டு தெரிஞ்ச அரசு ஏன் மேசைக்கு வரும்?

விசுவமடுப் பெடியன்:
அக்கா கேள்வி அங்கதான் நிக்குது.

முழங்காவிலான்:
வீட்டோ வீட்டோ எண்டு எல்லாத்தையும் அங்கால தள்ளிப்போட்டு ஒண்டை மறக்கிறம். 2008 செப்டெம்பரில உங்கட பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை எண்டு அரசு சொன்ன உடனே ஐநா வெளிநாட்டு ஆக்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டவை. கந்தோர் வாசலில சனம் நிண்டு போகாதேங்கோ எண்டு கெஞ்சினது, அப்ப அங்க இருந்த ஆருக்கும் தெரியும். நில்லுங்கோ எண்டு சொல்ல எந்த வீட்டோ தடுத்தது? பிறகு செத்த ஆக்களின்ர கணக்கைத் தாங்களே சேர்த்து வைச்சிருந்தும் அதை வெளியால விடாமல் மழுப்பினவை. 2012 இல ஐநாவின்ர சொந்த உள்ளக ஆய்வே இதைத் தோல்வி எண்டு எழுதினது. விமானம் அனுப்ப ஏலாது, சரி. உண்மையை நேரத்துக்குச் சொல்ல என்ன விமானம் வேணும்?

நந்திக்கரையான்:
உதெல்லாம் சரி, ஆனா ஒண்டை ஏன் விழுங்கிறியள். 2011 இல வந்த ஐநா நிபுணர் குழு அறிக்கை அரசின்ர செல்லடியை மட்டும் எழுதேல்லை, இயக்கம், அதான் புலிகள், சனத்தை வெளியால விடேல்லை, போன ஆக்களைச் சுட்டது, பிள்ளையளைப் பிடிச்சது எண்டும் எழுதியிருக்கு. பாதுகாக்கும் பொறுப்பு எண்டா அதையும் கேக்கவேணும்.

விசுவமடுப் பெடியன்:
அரசு தானே அறிவிச்ச யுத்தமற்ற வலயத்துக்குள்ள செல் அடிச்சதையும் இதையும் ஒரே தட்டில வைக்கிறியளோ?

நந்திக்கரையான்:
தட்டில வைக்கேல்லை. ரெண்டும் நடந்தது எண்டுதான் சொல்லுறன். சாகும்போது சனத்துக்கு எந்தப் பக்கத்துச் செல் எண்டு வித்தியாசம் இருந்ததோ?

மல்லாவி அக்கா:
சரி உதில சண்டை பிடிச்சு முடியாது. முழங்காவிலான் சொன்னதுதான் முக்கியம். அதனாலதான் நான் கிழிக்காதேங்கோ எண்டுறன். அந்தப் பந்தி இருக்கிறபடியாத்தான் உள்ளக ஆய்வு நீங்கள் தவறினியள் எண்டு ஒரு அளவுகோல் வைச்சு எழுத முடிஞ்சது. 2021 இல மனித உரிமைச் சபையின்ர 46/1 தீர்மானத்தில ஆதாரம் சேர்த்துப் பாதுகாக்கிற வேலையும் ஜெனீவாவில தொடங்கினது.

குளக்கட்டு:
ஆதாரம் சேர்க்கிறது செத்த பிறகு செய்யிற வேலை அக்கா. அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடிக் கிளிநொச்சி ரோட்டுக் கொட்டிலுக்குள்ள 2017 இல இருந்து குந்தியிருக்கிற அம்மாமாருக்கு உந்த 46/1 ஐ வாசிச்சுக் காட்டுங்கோ, என்ன சொல்லினம் எண்டு பாப்பம்.

முழங்காவிலான்:
அந்த அம்மாமார்தான் ஒவ்வொரு அமர்வுக்கும் ஜெனீவாவுக்குக் கடிதம் போடுறவை அண்ணை.