புதுப்பிப்பு: யாங்கூன் கிளப் செஸ் ஆட்டம், யானை (ரூக்) எண்ட்கேம்ல, அதாவது காய் குறைஞ்ச கடைசிக் கட்டத்துல, எங்க தப்பு பண்ணேன்

உதவுன எல்லாருக்கும் நன்றிங்க. கேள்வி இதுதான்: எனக்கு கறுப்பு, ராஜா ஈ8, யானை ஜி6. எதிராளி அண்ணனுக்கு ராஜா டி5, யானை ஏ7, சிப்பாய் ஈ5. டிரா ஆக வேண்டியத எங்க தோத்தேன்னு கேட்டிருந்தேன்.

யானைய ஆறாவது வரிசைலயே வச்சிருந்து, சிப்பாய் ஈ6 வந்தப்புறம் ஜி1-க்கு இறக்கி பின்னாடிலேருந்து செக் கொடுக்கணும்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் சரி, ஃபிலிடோர்ங்கிற பழைய பிரெஞ்சு செஸ் மாஸ்டர் 1777-லேயே காட்டினது. நான் அவசரப்பட்டு முன்னாடியே ஜி1-க்கு போயிட்டேன், அதான் தப்புன்னு ரெண்டு வாரமா நொந்துக்கிட்டிருந்தேன்.

ஆனா டேபிள்பேஸ்ல (காய் குறைஞ்ச நிலைகளுக்கு சரியான முடிவ சொல்ற கம்ப்யூட்டர் தொகுப்பு) வச்சு பார்த்தா அப்பவும் டிராதான்! அண்ணன் ராஜாவ ஈ6-க்கு கொண்டுவந்ததும் நான் டி8-க்கு ஓடினேன் பாருங்க, அதுதான் கழுத்தறுத்துச்சு. எஃப்8-க்கு போயிருந்தா, ஏ8-ல செக் வந்தாலும் ஜி7-க்கு ஏறிட்டு யானைக்கு ஏ பக்கம் தூரமா நின்னு செக் கொடுக்க இடம் இருக்கும். சிப்பாய்க்கு எந்தப் பக்கம் கட்டம் கம்மியோ அந்த குட்டை பக்கம் ராஜா, கட்டம் அதிகமான நீள பக்கம் யானை. இத ஒருத்தரும் சொல்லல, நான் கேட்டதும் அரைகுறையாத்தான்.

ஞாயித்துக்கிழமை டீக்கடைல அண்ணனோட அதே நிலைய மூணு தடவ அடுக்கி ஆடினோம். ரெண்டு டிரா, மூணாவதுல கரண்ட் போய் மெழுகுவத்தி வெளிச்சத்துல யானைய சும்மா தூக்கிக் கொடுத்துட்டேன். அண்ணன் சிட்டுயின்ங்கிற பர்மா செஸ் ஆடி வளந்தவர், அதுல ஆரம்பத்துல சிப்பாய் தவிர மத்த காய நாமளே அடுக்கிக்கலாம், "இங்கயும் அப்படி இருந்தா நீ பொழச்சிருப்ப தம்பி"ன்னு ஒரே சிரிப்பு.