மறுமொழி: ‘ஹாலுசினேஷன்’ – பிரமையா, இட்டுக்கட்டலா?

அனைவருக்கும் வணக்கம்.

முதலாண்டு மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சாட்பாட் (நாம் கேட்பதற்கு விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்) இல்லாததை உள்ளதுபோல் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஹாலுசினேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் இன்னும் சொல் அமையவில்லை.

> ‘பிரமை’ போதும். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் பிரமை பிடித்தவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, இரக்கம்தான் வரும். 2024இல் கனடாவில் ஒரு வழக்கு முடிந்தது. துக்கத்துக்காகப் பயணம் போனவருக்கான கட்டணச் சலுகையைப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 650 டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. ‘பிரமை’ என்று நாமே பெயர் வைத்தால் அந்த வாதத்துக்குத் துணைபோனதாகும்.

> தொல்காப்பியர் ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’, அதாவது விடையும் வினாவும் பிழைபடாமல் காக்க, என்கிறாரே. ‘செப்புவழு’ எனலாம்.

அக்கா, அழகான சொல். ஆனால் தில்லைக்கு வழி கேட்டால் ‘சிவப்புக் காளை முப்பது பணம்’ என்பதுதானே விடைவழுவுக்கு, அதாவது பிழையான விடைக்கு, நாம் படித்த எடுத்துக்காட்டு? கேட்டதுமே பிழை தெரிந்துவிடும். சாட்பாட் வழி கேட்டால் வழியே சொல்லும், தெருப்பெயரோடு. அந்தத் தெருதான் இருக்காது. சென்ற வாரம் ஒரு மாணவி சாட்பாட் தந்ததை நம்பிக் கட்டுரையில் ‘குறள் 643’ என்று ஒன்றை எழுதியிருந்தார். முதலடியில் நாற்சீர், அடுத்ததில் முச்சீர். குறை சொல்ல முடியாது. நூலைப் புரட்டினால் அந்த எண்ணில் இருப்பது ‘கேட்டார்ப் பிணிக்கும்’. அவர் எழுதியது 1330இல் எங்கும் இல்லை. இலக்கணப்படி அது வழாநிலை, அதாவது பிழையற்றது. பொய் என்பதுதான் சிக்கல்.

ஆகவே ‘இட்டுக்கட்டல்’. யாப்பு என்றாலும் கட்டுதல்தான். அந்தப் போலிக் குறளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் இல்லை. தமிழ் முஸ்லிம்கள் பொய்யான ஹதீஸை (நபிமொழியை) ‘இட்டுக்கட்டப்பட்டது’ என்றே சொல்கிறார்கள். யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகச் சோதிப்பது அந்த மரபு. நமக்கு வேண்டியதும் அந்தச் சோதனைதான்.

> இயந்திரத்துக்கு ஏது எண்ணம்? ‘இட்டுக்கட்டல்’ என்றால் வஞ்சகம் ஏற்றியதாகிவிடும்.

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோப்பதுதான் அதன் வேலை. மெய்யும் பொய்யும் அதே வழியில்தான் வருகின்றன. ஆனாலும் ‘இட்டுக்கட்டியது’ என்றதும் ‘யார்?’ என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி வகுப்பில் எழ வேண்டும். விடையாக வருவது ‘பொறுப்புக்கூறல்’, ஆங்கிலத்தில் ‘அக்கவுண்டபிலிட்டி’. இலங்கைத் தமிழில் ஊன்றிவிட்ட சொல், புதிதாகத் தேட வேண்டாம்.

இதுவரை ஐவர் இட்டுக்கட்டலுக்கு, இருவர் பிரமைக்கு. அக்கா செப்புவழுவை விடவில்லை. வியாழன் இரவுவரை மடல் அனுப்பலாம்.