சைன் + காஸ் = 1: ஓரலகு வட்டத்தில் எப்படிக் காட்டுவது?

தம்பி பதினொன்றாம் வகுப்பு, திங்கட்கிழமை முக்கோணவியல் தேர்வு. ஒரு கணக்கில் அப்படியே நிற்கிறோம். ஒரு கோணத்தின் சைனையும் காஸையும் கூட்டினால் 1, கோணம் 0° முதல் 360°க்குள், 360° சேராது. இருபக்கமும் வர்க்கப்படுத்தினால் 2 × சைன் × காஸ் = 0 என்று வந்து 0°, 90°, 180°, 270° நான்கும் விடையாகின்றன, ஆனால் பிரதியிட்டால் கடைசி இரண்டுக்கும் −1தான் கிடைக்கிறது. √2ஆல் வகுத்து, சைன் (கோணம் + 45°) = 1/√2 என்று மாற்றியும் பார்த்தாயிற்று, அதில் 0°, 90° மட்டும் சரியாக வருகிறது. அவனுக்கு அது போதவில்லை, படத்தில் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்கிறான், எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. சைன் = 1/2 என்றால் ஓரலகு வட்டத்தில் கிடைக்கோடு போட்டு 30°, 150° என்று சொல்லிவிடுவான். இதில் சைனும் காஸும் சேர்ந்தே வருகின்றன. வர்க்கப்படுத்தும்போது 180°, 270° எங்கிருந்து நுழைகின்றன என்பதை அந்த வட்டத்திலேயே எந்தக் கோடு வரைந்து காட்டலாம்?