அவித்த உருளைக்கிழங்குக்கு 323: மாவுச்சத்து பசியை அடக்காது என்பவர்களுக்கு ஒரு கேள்வி

நொய்யல்வாசி:
எடைக்குறைப்புத் திரியில் நேற்று செந்தூரன் அவர்கள், "மாவுச்சத்து எதுவாயினும் வயிற்றில் நிற்காது, இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும், பசியை அடக்குவது புரதம் ஒன்றே" என்று தீர்ப்பு எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி வருமாறு அளந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று உண்டவர்களிடமே கேட்டுப் பதிந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக் கணக்கிட்டபோது மீனுக்கு 225, மாட்டிறைச்சிக்கு 176, முட்டைக்கு 150 கிடைத்தன. முதலிடம் அவித்த உருளைக்கிழங்குக்கு, 323. புரதம் ஒன்றுதான் பசியை அடக்கும் என்றால் இந்த 323 எங்கிருந்து வந்தது என்பதை அவர் விளக்க வேண்டும்.

செந்தூரன்:
விளக்கம் எளிது. 240 கலோரிக்கு அவித்த உருளைக்கிழங்கு என்றால் கால் கிலோவுக்கு மேல் வரும், அதில் பெரும்பகுதி நீர். அவ்வளவையும் உப்பும் எண்ணெயும் இல்லாமல் விழுங்கியவருக்கு வயிறு நிறைந்ததில் வியப்பில்லை, அது எடையின் வேலை. அதே பட்டியலில் பொரித்த உருளைக்கிழங்குக்கு 116, சிப்ஸுக்கு 91 என்று இருப்பதை நொய்யல்வாசி ஏன் மறைத்தார்? நம் வீடுகளில் உருளைக்கிழங்கு வறுவலாகவும் போண்டாவாகவும்தான் தட்டுக்கு வருகிறது. நான் காட்டும் சான்று வேறு. 2005இல் வெளியான வைகிள் குழுவின் ஆய்வில் 19 பேருக்கு உணவின் புரதப் பங்கை 15 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு உயர்த்தி, விரும்பிய அளவு உண்ணலாம் என்று விட்டபோது, அவர்கள் தாமாகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 441 கலோரி குறைத்து உண்டார்கள், 12 வாரத்தில் சராசரியாக 4.9 கிலோ குறைந்தார்கள். புரதம் என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நொய்யல்வாசி:
அந்த ஆய்வை முழுவதும் படித்துவிட்டு வந்திருக்கலாம். அதில் மாவுச்சத்தைக் குறைக்கவே இல்லை, தொடக்கம் முதல் இறுதி வரை 50 விழுக்காட்டிலேயே வைத்திருந்தார்கள், குறைத்தது கொழுப்பை. உணவில் பாதி மாவுச்சத்தாக இருக்கும்போதே அந்த 19 பேரும் எடை குறைந்தார்கள் என்றால், நீங்கள் காட்டும் சான்று எனக்கே சாட்சி சொல்கிறது. பொரித்த கிழங்கில் எண்ணெய் ஏறியதால் மதிப்பெண் இறங்கியது, அதற்கும் மாவுச்சத்தின் மீது பழி போடுகிறீர்கள். நீங்கள் எழுதிய சொல் "எதுவாயினும்". அவித்த கிழங்கு அந்த "எதுவாயினும்" என்பதற்குள் வருகிறதா, இல்லையா? தை மாதம் பருப்பு விவாதத்திலும் இப்படித்தான் பாதி ஆய்வைக் காட்டிவிட்டு நழுவினீர்கள்.

மருதாணி:
இருவரிடமும் ஒன்று கேட்கிறேன். உணவை முடித்தவுடன் வயிறு நிறைந்திருப்பதைச் சொல்கிறீர்களா, அடுத்த பசி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதைச் சொல்கிறீர்களா? இவை வெவ்வேறு. ஹோல்ட் ஆய்வில் இரண்டு மணி நேரம் முடிந்ததும் விரும்பியதை உண்ண விட்டார்கள். மதிப்பெண் அதிகம் பெற்ற உணவை உண்டவர்கள் குறைவாக உண்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தொடர்பு வலுவானதாக இல்லை. எதைப் பற்றி வாதிடுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

பழையசோறு:
அரிசியை மறந்துவிட்டீர்கள். அதே பட்டியலில் வெள்ளை அரிசிச் சோற்றுக்கு 138, பயறு வகைக்கு 133. சோறு தின்பவனுக்குப் பசி அடங்காது என்று மூன்று ஆண்டுகளாக எழுதிவரும் செந்தூரன் இந்த 138ஐயும் சேர்த்து விளக்கட்டும். முதல் பத்து நாளில் நான்கு கிலோ குறைந்ததாக அவர் படம் போட்டதையும் நான் மறக்கவில்லை. மாவுச்சத்தை நிறுத்தினால் உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் கரையும், ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் அளவுக்கு நீரும் வெளியேறும். அன்று குறைந்ததில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு நீர் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

செந்தூரன்:
என் உடலை இங்கே இழுப்பது பண்பல்ல, ஐயா. முதல் பத்து நாளில் போனது நீர் என்றே கொள்வோம். அதன்பின் ஓர் ஆண்டில் குறைந்து இன்றுவரை திரும்பாமல் இருக்கும் பதினொரு கிலோவும் நீரா? காலையில் நான்கு இட்லி உண்ட நாள்களில் பதினோரு மணிக்குக் கை நடுங்கும். மூன்று முட்டை உண்ணத் தொடங்கிய பிறகு ஒன்றரை மணி வரை உணவு நினைவே வருவதில்லை. இதை எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புரதத்தைச் செரிப்பதற்கே அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிறது, மாவுச்சத்துக்கு 5 முதல் 10 விழுக்காடுதான். பருப்பைப் பற்றி அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் 22 கிராம் அளவு என்றால் மாவுச்சத்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதைப் புரத உணவு என்று அழைத்தவர் நொய்யல்வாசி.

நொய்யல்வாசி:
பருப்பை நான் புரத உணவு என்று அழைக்கவில்லை, புரதமும் உள்ள உணவு என்றேன், பழைய பதிவு அப்படியே இருக்கிறது, போய்ப் படியுங்கள். உங்கள் மூன்று முட்டைக்கு வருவோம். அதில் 18 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நான்கு இட்லியில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே உங்களுக்குப் புரதம் உதவியது என்பதை நான் மறுக்கவே இல்லை, என்றைக்கும் மறுத்ததில்லை. மாவுச்சத்து எதுவாயினும் பசியை அடக்காது என்பதைத்தான் மறுக்கிறேன். கெவின் ஹால் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகுந்த தாவர உணவும், இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த விலங்குணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் புரதத்தின் பங்கு ஏறத்தாழ ஒன்றே. விரும்பிய அளவு உண்ண விட்டும், மாவுச்சத்து மிகுந்த உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு 689 கலோரி குறைவாக உண்டார்கள், பசி கூடியதாகவும் சொல்லவில்லை. 323 ஒரு தனித்த விபத்து அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

செந்தூரன்:
இரண்டே வாரம்! அதிலும் கொழுப்பு மிகுந்த அந்த விலங்குணவை உண்டபோது அவர்கள் இரண்டாம் வாரத்தில் முதல் வாரத்தைவிடக் குறைத்து உண்ணத் தொடங்கியிருந்தார்கள். மாவுச்சத்து உண்டபோது இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் உயர்ந்தன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. என் குடும்பத்தில் மூவருக்கு நீரிழிவு. அவர்களிடம் போய்க் கிழங்கை அவித்துத் தின்னச் சொல்ல எனக்கு மனம் வராது.

மருதாணி:
2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர் ஓர் ஆண்டு கலந்துகொண்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள், அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. இரு தரப்புக்கும் காய்கறியை மிகுதியாகவும், சர்க்கரையையும் மைதாவையும் மிகக் குறைவாகவும் உண்ணச் சொல்லியிருந்தார்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

நொய்யல்வாசி:
பேசலாம், அம்மா, ஆனால் அது வேறு கேள்வி. நீரிழிவும் வேறு கேள்வி, அதைக் கொண்டுவந்து போர்த்தினால் 323 மறைந்துவிடாது. நான்காவது முறையாகக் கேட்கிறேன்: அவித்த உருளைக்கிழங்கு மாவுச்சத்து உணவா, இல்லையா?

செந்தூரன்:
நான்காவது முறையாகச் சொல்கிறேன்: வயிற்றை நிறைத்தது அதன் எடை.

பழையசோறு:
சோற்றின் 138க்கு இன்னும் பதில் வரவில்லை.