பிலிப்பைன்ஸ் இசபெலா மாகாணம்: பதவி வரம்பு இருந்தும் ஒரே குடும்பம் எப்படி நீடிக்கிறது?

கேட்டவர்: ஆற்றுமணல்

2025 செப்டம்பரில் மார்ட்டின் ரொமுவால்தெஸ் விலகியதும் போஜி டி ("டி" என்பது குடும்பப் பெயர்) பிலிப்பைன்ஸ் கீழவையின் சபாநாயகர் ஆனார். இவர் யார் என்று தேடிப் படித்தால் தலை சுற்றுகிறது. அப்பா ஃபாஸ்டினோ டி பல வருடம் இசபெலா ஆளுநர், அண்ணன் பெஞ்சமின் ஆளுநர், இன்னொரு சகோதரர் ஃபாஸ்டினோ ஜூனியரும் ஆளுநர், பிறகு இவரும் ஆளுநர். 1987 அரசியல் சட்டம் மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து ஒரே பதவியில் இருக்க விடுவதில்லை என்கிறார்களே, அப்புறம் இது எப்படி நடக்கிறது?

மறுமொழி: வடகாற்று

நீங்கள் சொன்ன அந்த வரம்பே பதில். ஒரு முறை என்பது 3 வருடம், மூன்று முறை முடிந்ததும் அந்தப் பதவியை மட்டும்தான் விட வேண்டும், அரசியலை விட வேண்டியதில்லை. போஜி டி 2001 முதல் 2010 வரை கீழவை உறுப்பினர், 2010 முதல் 2019 வரை ஆளுநர், அதற்குப் பிறகு 2025 வரை துணை ஆளுநர், மறுபடி கீழவை. நடுவில் ஒரு நாள்கூட வெளியே இல்லை. வரம்பு முட்டும்போது நாற்காலி மாறுகிறது, அல்லது தம்பியோ பிள்ளையோ வந்து உட்காருகிறார்.

அதே அரசியல் சட்டம் அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடை செய்கிறது, ஆனால் "சட்டம் வரையறுக்கும்படி" என்று ஒரு வால் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டியது காங்கிரஸ், அதாவது அந்த நாட்டின் நாடாளுமன்றம், அங்கே இருப்பவர்களில் பலர் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 2016-இல் இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் உறவினர் தடை கொண்டுவந்தார்கள்.

மறுமொழி: சோளக்காடு

வடகாற்று சொன்னது சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் அந்த மாகாணத்து மக்களுக்கு நியாயம் செய்ததாகாது. கிரேஸ் படாகாவைப் பற்றி யாராவது பேச வேண்டும். வானொலி அறிவிப்பாளர், சிறு வயதில் போலியோ தாக்கியதால் ஊன்றுகோலோடு நடப்பவர், பணமும் இல்லை, கட்சி பலமும் இல்லை. 2001-இல் இதே போஜி டியை எதிர்த்துக் கீழவைக்கு நின்று 48 வாக்கில் தோற்றார். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர் 2004-இல் பதவியில் இருந்த ஃபாஸ்டினோ ஜூனியரையே ஆளுநர் தேர்தலில் தோற்கடித்தார், 2007-இல் பெஞ்சமினையும் தோற்கடித்தார். மாகாணத்தின் கடனைக் குறைத்தார், நெல், சோள விவசாயிகளுக்கு உதவினார், ஹுவெதெங் என்ற சட்டவிரோதச் சூதாட்டத்தை எதிர்த்தார். 2008-இல் மகசேசே விருது கிடைத்தது. 2010-இல் போஜி டியிடம் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார்.

இரண்டு சகோதரர்களை வென்று மூன்றாமவரிடம் தோற்றிருக்கிறார், யோசித்துப் பாருங்கள். குடும்பத்திடம் அடுத்து நிறுத்த எப்போதும் ஓர் ஆள் இருந்தார், படாகா பக்கம் படாகா மட்டும்தான்.

மறுமொழி: ஆற்றுமணல்

48 வாக்கு! அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் டி குடும்பத்துக்குப் போட்டியாக வேறு குடும்பமும் அங்கே இல்லையா?

மறுமொழி: வடகாற்று

இருக்கிறது, அல்பானோ குடும்பம். நீண்ட காலம் எதிரெதிராக இருந்தவர்கள். 2019-இல் போஜி டி ஆளுநர் பதவியை விட்டு இறங்கியபோது அங்கே வந்தவர் ரொடிட்டோ அல்பானோ, அவருக்குத் துணை ஆளுநர் போஜி டி. இரண்டு குடும்பமும் கைகோத்துவிட்டால் படாகா போன்ற ஒருவர் நுழைய இடுக்கே கிடைக்காது, அதுதான் எனக்குப் பெரிய கவலை.