பிள்ளைப் பருவத்தில் வெறுத்த பாகற்காய் இப்போது பிடித்துப்போவது ஏன்?

பொருநைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

சிறுமியாக இருந்தபோது பாகற்காய் பரிமாறிய இலையில் உட்காரவே மறுப்பேன். வற்றல் குழம்பில் கிடக்கும் சுண்டைக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையோரத்தில் ஒதுக்கிவிடுவேன். சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூப் பச்சடியைக் கொஞ்சமாவது நாவில் வைத்தாக வேண்டும் என்று பாட்டி சொல்லுவார். நானோ அதிலிருக்கும் மாங்காய்த் துண்டையும் வெல்லப்பாகையும் மட்டும் வழித்து எடுத்துக்கொள்ளுவேன். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. வற்றல் குழம்பு என்றால் கரண்டி முதலில் சுண்டைக்காயைத்தான் தேடுகிறது. பாகற்காய்ப் பொரியல் இருக்கிறது என்பதற்காகவே கூடுதலாக ஒரு கைப்பிடி தயிர்ச்சோறு உண்கிறேன்.

இனிப்பில் இதற்கு எதிரான மாற்றம். பள்ளிக்கூட வாசலில் காசு சேர்த்து வாங்கித் தின்ற தேன்மிட்டாயும் ஜவ்வுமிட்டாயும் இப்போது வாயில் போட்டவுடனே திகட்டுகின்றன. ஆனால் கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் மீதிருந்த ஆசை சிறிதும் குறையவில்லை. அப்படியானால் இனிப்பு முழுவதையும் வெறுக்கும் வயது வந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை.

மாறியது நாக்கா, மனமா, அல்லது நாம் சமைக்கும் முறையும் காயுமா? இதைக் கேட்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. என் மகளுக்கு ஐந்து வயது. பாகற்காயைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். இப்போதே பழக்காவிட்டால் பிறகு எப்போதும் உண்ண மாட்டாள் என்பது என் மாமியாரின் கருத்து. நமக்குத் தானாக வந்ததுபோல அவளுக்கும் வரும், விட்டுவிடு என்பது என் கணவரின் கருத்து. இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால், விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

கரும்பலகை எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கசப்பை விலக்குவது குழந்தையின் பிடிவாதமன்று; பிறப்பிலேயே அமைந்த காப்பு. தாவரங்களில் உள்ள நச்சுப்பொருள்களில் பல கசப்பானவை. தவழ்ந்தும் நடந்தும் கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் கசப்பைத் துப்பும் பழக்கம் உயிரைக் காக்கிறது. இனிப்பை உணர ஒரே வகை ஏற்பியை (சுவைப்பொருளை அடையாளம் காணும் புரதத்தை)க் கொண்டு பணியை முடித்துக்கொள்ளும் மனித உடல், கசப்புக்கென்று ஏறத்தாழ 25 வகை ஏற்பிகளை வைத்திருக்கிறது என்பதிலிருந்தே இந்தக் காவல் எவ்வளவு முக்கியமானது என்பதை உணரலாம். தாய்ப்பால் மறக்கச் செய்வதற்கு மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவிய நம் பாட்டிமார் நம்பியதும் இந்த இயல்பைத்தான்.

ஒரே கசப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் தெரிவதில்லை. 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலாளர் பினைல்தயோகார்பமைடு என்ற தூளைக் கையாண்டபோது, காற்றில் பறந்த துகள் உடனிருந்தவருக்குக் கடுமையாகக் கசந்தது. ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணமான டாஸ்2ஆர்38 என்னும் மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. இந்த மரபணுவின் கசப்பறியும் வடிவம் ஒன்றையும் அறியாத வடிவம் ஒன்றையும் பெற்றவர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், பெரியவர்களைவிடக் குழந்தைகள் குறைந்த செறிவிலேயே கசப்பை உணர்ந்துவிட்டனர். மரபணு மாறாமலிருக்க, வயது மட்டுமே உணர்வை மாற்றுகிறது. ஆயினும் இந்த மரபணுவை வைத்துப் பாகற்காயை விளக்க முயல்வது சரியாகாது. அது முட்டைக்கோசு, கடுகு இனத்துக் காய்களின் கசப்போடு அதிகத் தொடர்புடையது. பாகற்காய்க்குக் கசப்பைத் தருபவை மொமோர்டிசின் போன்ற வேறு பொருள்கள். பொதுப் போக்கைக் காட்டுவதற்காகவே அதைச் சொன்னேன்.

நாவிலுள்ள சுவை உணர் செல்கள் ஏறத்தாழப் பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் புதுப்பிக்கப்படுகின்றன. எனவே நடுவயதில் நாக்கு மரத்துப்போனதால்தான் பாகற்காய் பிடிக்கிறது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். உங்களுக்குக் கசப்பு இன்றும் தெரிகிறது, தெரிவதனால்தான் விரும்புகிறீர்கள். அதை உண்டபின் தீங்கு நேரவில்லை என்பதையும், தயிரும் நல்லெண்ணெயும் பசியடங்கிய நிறைவும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன என்பதையும் உடல் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. காப்பியை விரும்பத் தொடங்குவதும் இதே வழியில்தான்.

இனிப்பைப் பொறுத்தவரை, வளரும் பிள்ளைகள் பெரியவர்களைவிட மிகச் செறிவான சர்க்கரைக் கரைசலை விரும்புவதும், பதின்பருவத்தின் நடுவில் அந்த விருப்பம் பெரியவர்களின் அளவுக்கு இறங்கிவிடுவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டவை. தேன்மிட்டாயில் பெரும்பங்கு சர்க்கரைப்பாகு. கடலைமிட்டாயில் வறுத்த கடலையின் மணமும் எண்ணெய்ப் பசையும் வெல்லத்தின் மண்வாசனையும் கலந்திருப்பதால், சர்க்கரையின் மீதுள்ள ஆசை தணிந்த பிறகும் அதில் விரும்புவதற்கு நிறைய மிஞ்சியிருக்கிறது.

தஞ்சை அடுக்களை எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயா கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அடுப்பங்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீங்கள் சிறுமியாக உண்ட பாகற்காயும் இன்று உண்ணும் பாகற்காயும் ஒன்றுதானா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலியிலும் வயல் ஓரத்திலும் தானாகப் படர்ந்த மிதிபாகல் உருவில் சிறியது, கசப்பில் பெரியது. அதைக் கீறி, பொடி அடைத்து, நூலால் கட்டி முழுதாக வதக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. இன்று சந்தையில் குவிந்திருப்பவை பெரும்பாலும் நீண்ட, சதைப்பற்றான காய்கள். அவற்றின் கசப்பு அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

அடுத்தது உப்பு. நறுக்கிய பாகற்காயில் உப்புப் பிசிறி வைத்துப் பிழிவது கசப்பு நீரை வெளியேற்றுவதற்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உப்பிலுள்ள சோடியம் கசப்பை நாம் உணரும் அளவையே தணிக்கிறது என்று 1997இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் முன்னோர் புளியையும் வெல்லத்தையும் சேர்த்து இன்னொரு பக்கம் அணை கட்டினார்கள். தஞ்சைப் பக்கத்துப் பாகற்காய்ப் பிட்லையை எடுத்துக்கொள்ளுங்கள்: புளித்தண்ணீரில் வெந்த காய், கடலைப்பருப்பும் தனியாவும் மிளகாயும் தேங்காயும் வறுத்தரைத்த விழுது, வெந்த துவரம்பருப்பு, இறுதியில் சிறு துண்டு வெல்லம். கசப்பு அதில் இருக்கிறது, ஆனால் அது தனித்து நிற்பதில்லை. சுண்டைக்காயையும் இப்படித்தான் ஆற்றுப்படுத்துகிறோம். நசுக்கி, விதையை ஓரளவு அலசி, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் வெயிலில் உலர்த்தி, மாலையில் மறுபடியும் அதே மோரில் இட்டு, மோர் முழுவதும் வற்றும்வரை இதைத் தொடர வேண்டும். இந்தப் பொறுமையைக் குறைத்து அவசரமாக உலர்த்திய வற்றல் கடைகளில் கிடைக்கிறது. அதைத் தின்று சுண்டைக்காயே பிடிக்காது என்று முடிவுகட்டும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே மகளுக்குக் கசப்பைப் பழக்க நினைத்தால் தனிப் பொரியலாகத் தொடங்க வேண்டாம்.

வலிகாமத்தான் எழுதுகிறார்:

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் வாழ்பவன். எங்கள் ஊரில் இதைப் பாவற்காய் என்போம். மெல்லிய வளையங்களாக அரிந்து, மொறுமொறுப்பாகப் பொரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் (எலுமிச்சைப்) புளியும் சேர்த்துச் செய்யும் சம்பலைப் பெரியவர்கள் விரும்பி உண்பார்கள். பிள்ளைகள் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக் கறியோடு நின்றுகொள்வோம். வயது ஏற ஏறக் கறியிலிருந்து சம்பலுக்கு மாறுவது எங்கள் வீட்டில் இயல்பாக நடந்த ஒன்று. யாரும் யாரையும் வற்புறுத்தியதில்லை.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய மாற்றம் பனாட்டில் நேர்ந்தது. பழுத்த பனம்பழத்தைப் பிழிந்தெடுத்த களியைப் பாயில் ஊற்றிப் பரப்பி, வெயிலில் காயவிட்டு, அதன்மேல் அடுத்தடுத்த நாள்களில் மேலும் மேலும் ஊற்றித் தடித்த தகடாக எடுப்பதே பனாட்டு. பனங்களியில் இனிப்போடு ஒரு கசப்பும் உண்டு. பிளபெலிபெரின் என்னும் பொருள்களே அதற்குக் காரணம். எல்லா மரத்துப் பழமும் ஒரே அளவில் கசப்பதில்லை என்பதால், எந்த மரத்துப் பழத்தைப் பனாட்டுக்கு எடுப்பது என்பதில் எங்கள் அம்மம்மா மிகவும் கவனமாக இருப்பார். அப்போது அந்தப் பின்கசப்புக்காகவே நான் அதை ஒதுக்கினேன். இன்று ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால், இனிப்பு கரைந்த பின் மெல்ல எழும் அந்தக் கசப்புக்காகவே நெடுநேரம் வாயில் வைத்திருக்கிறேன்.

இதில் நாக்கின் பங்கைவிடப் பிரிவின் பங்கே பெரிது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஊரிலேயே இருந்திருந்தால் எனக்குப் பனாட்டு பிடித்திருக்குமா என்பது ஐயமே. எங்கள் தலைமுறையில் புலம்பெயர்ந்தவர்கள் பலரும், ஊரில் தொட்டும் பாராத ஒடியற் கூழை (உலர்த்திய பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவதை) இங்கே ஒன்றுகூடிக் காய்ச்சிக் குடிப்பதைக் காண்கிறேன். ஆசிரியர் ஐயா இந்தப் பக்கத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கரும்பலகை எழுதுகிறார்:

வலிகாமத்தான் அவர்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மணம். உணவை மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்குச் செல்லும் மணமே அது. மணத்தை உணரும் நரம்புப் பாதை, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளோடு மிக நெருங்கியே அமைந்திருக்கிறது. எனவே ஊர் நினைவு பனாட்டின் சுவையை மாற்றியது என்பதை உடலியலுக்குப் புறம்பான கூற்றாக நான் கொள்ளவில்லை.

மாலைநேரம் எழுதுகிறார்:

இதுவரை எல்லோரும் பிள்ளைப் பருவத்தையும் நடுவயதையும் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். முதுமையைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். எண்பதைக் கடந்த என் தாயாரைக் கவனித்துக்கொள்கிறேன். ஊரே புகழும்படி சமைத்தவர், இப்போது எதைக் கொடுத்தாலும் சப்பென்று இருக்கிறது என்கிறார். முன்பு தொடாத இனிப்பைக் கேட்கிறார். குழம்பில் இன்னும் உப்புப் போடச் சொல்கிறார். தொடக்கத்தில் வீட்டார் இதைக் குழந்தைத்தனம் என்று கருதினார்கள். மருத்துவரிடம் காட்டியபோது, அறுபதுக்குப் பிறகு பலருக்கு மணம் உணரும் திறன் குறைவதையும், சில மாத்திரைகள் நாவில் உலோகச் சுவையை உண்டாக்குவதையும், உமிழ்நீர் குறைந்தால் சுவைப்பொருள் கரைந்து நாவைச் சேர்வதே தடைப்படுவதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அம்மா உண்ணும் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின், உலோகச் சுவையை உண்டாக்கும் அத்தகைய மாத்திரைகளுள் ஒன்று.

இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைக் கூட்ட வழியில்லை. அதனால் மணத்தைக் கூட்டுகிறோம். ரசத்துக்கு மிளகையும் சீரகத்தையும் அப்போதைக்கப்போது தட்டிப் போடுகிறேன். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்ததை அவர் முன்னிலையிலேயே ஊற்றுகிறேன். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிகிறேன். வேப்பம்பூவை நெய்யில் கருகாமல் வறுத்துப் போட்ட ரசத்தை மட்டும் அவர் இன்றும் முழுதாகக் குடிக்கிறார். வயதானவர்களின் நாவைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்பதில்லை என்பதால் சற்று நீட்டி எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை எழுதுகிறார்:

எல்லோருக்கும் என் நன்றி. மாலைநேரம் அவர்களே, தாங்கள் நீட்டி எழுதியது நல்லதாயிற்று; என் மாமியாரும் அண்மைக் காலமாகச் சாம்பாரில் உப்பு போதவில்லை என்கிறார், அதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. மகளின் விஷயத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள்: ஒருமுறை துப்பியதை மறுபடியும் வைப்பது அவளுக்கு வெறுப்பை வளர்த்துவிடாதா?

கரும்பலகை எழுதுகிறார்:

வற்புறுத்தினால் வளரும், வெறுமனே வைத்தால் வளராது. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவை அஞ்சி விலக்குவது மிகுதியாக இருக்கும், உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள். ஒரே உணவை எட்டு முதல் பதினைந்து முறை வரை, மிகச் சிறிய அளவில், நாள் இடைவெளி விட்டு, பிள்ளையின் முன் வைத்தால் ஏற்புக் கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பெற்றோர் பலர் மூன்று, நான்கு முறையோடு விட்டுவிடுகிறார்கள். உங்கள் மாமியார் சொல்வதுபோல இப்போதே தொடங்கலாம். உங்கள் கணவர் சொல்வதுபோல அவள் உண்டாக வேண்டும் என்று நிற்க வேண்டாம். நீங்கள் அவளருகில் அமர்ந்து அதையே விரும்பி உண்பதும் உதவும். பாகற்காயைத் தின்றால் மிட்டாய் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மிட்டாயின் மதிப்பு ஏறி, பாகற்காயின் மதிப்பு இன்னும் இறங்கிவிடும்.

தஞ்சை அடுக்களை எழுதுகிறார்:

முதல் சில முறை பிட்லையின் பருப்பை மட்டும் சோற்றில் பிசைந்து கொடுங்கள். காயின் கசப்பு அதில் இலேசாக இறங்கியிருக்கும். அதை அவள் மறுக்காமல் உண்ணத் தொடங்கிய பிறகு, விதை நீக்கிய ஒரே ஒரு துண்டை இலையில் வையுங்கள். காய் இளசாக இருக்கட்டும். விதை முற்றிச் சிவந்த காயை அவளுக்காக வாங்க வேண்டாம்.