வலசைப் பறவைகளின் சதுப்புநிலம்: மதகைத் திறப்பதா, தொடாமல் விடுவதா?

உள்ளான் எழுதியது:

முக்குளிப்பானின் கூடு தண்ணீரில் மிதக்கும். அழுகிய தண்டையும் பாசியையும் குவித்து, நகர்ந்துவிடாமல் இரண்டு மூன்று கோரைத் தண்டுகளோடு பின்னி வைத்திருக்கும். எழுந்து போகும்போது ஈரப்பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும்.

போன வாரம் ஒரு பறவைக் காப்பிடத்தில் அப்படி ஒரு கூட்டைச் சேற்றில் பார்த்தேன். தண்ணீர் நாற்பது அடி தள்ளிப் போயிருந்தது. நாயின் கால்தடம் கூடு வரைக்கும் வந்து திரும்பியிருந்தது. இரண்டு முட்டைகள் பாசிக்கடியில் சில்லிட்டுக் கிடந்தன, மற்றவை ஓடு மட்டும். ஏன் இப்படி என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டேன். “வாத்துகள் வலசை வருவதற்குள் குளத்தை வடித்துத் தயார் செய்கிறோம்” என்றார்கள்.

என் நிலைப்பாடு இதுதான். பறவைக்கு என்று ஒரு நிலத்தை ஒதுக்கிவிட்டால், அதற்குப் பிறகு மனிதன் கையை எடுத்துவிட வேண்டும். வேட்டையைத் தடுங்கள், ஆக்கிரமிப்பைத் தடுங்கள், சாக்கடை கலக்காமல் காவல் இருங்கள். நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது, புல்லை வெட்டுவது, தீ வைப்பது, இதெல்லாம் வேண்டாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

மதகடி எழுதியது:

நண்பரே, அந்தக் கூட்டைப் பற்றிப் படித்ததும் வயிறு எரிந்தது. முட்டை இருக்கும்போது மட்டத்தை இறக்கியது குற்றம். அதில் உங்களோடு எனக்கு வழக்கே இல்லை.

ஆனால் “கையை எடுத்துவிடு” என்கிறீர்களே, அந்தக் கை ஆற்றின் மேல் ஏற்கெனவே இருக்கிறது. மேலே அணை, பக்கத்தில் கரை, கீழே வடிகால். முன்பு ஆறு தானாகப் பொங்கி வந்து சதுப்பை நிரப்பும், கோடையில் தானாக வற்றும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் சதுப்பின் உயிரே இருந்தது. இப்போது அது நின்றுவிட்டது. இந்த நிலையில் ஒரு குளத்தை ஆண்டு முழுக்க ஒரே மட்டத்தில் விட்டால் என்ன ஆகும்? ஐந்தாறு வருடத்தில் சம்புக் கோரை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை மூடிவிடும். அடிச்சேறு காற்றுப் படாமல் கறுத்து நாறும். வாத்து இறங்கத் திறந்த நீர் இருக்காது.

நான் பதினோரு வருடமாக மதகுப் பலகை தூக்குகிறவன். முறையாக வடிப்பது எப்படி என்று சொல்கிறேன். ஒரு பலகையை எடுத்துவிட்டு மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். விரற்கடை அளவுக்குத்தான் மட்டம் இறங்க வேண்டும். அப்போதுதான் ஓரத்துச் சேறு ஈரம் காயாமல் வெளியே வரும். அதில் ஆற்றலரி, கோரை, குதிரைவாலி இனப் புற்களின் விதைகள் தாமே முளைக்கும். யாரும் விதைப்பதில்லை, அவை பல வருடமாக மண்ணுக்குள் காத்துக் கிடந்தவை. அவை கதிர் முற்றிய பிறகு மெதுவாக நீரைக் கட்டினால், ஊசிவால் வாத்தும் கிளுவையும் தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேயும். அவற்றுக்கு ஒரு சாண் ஆழம் போதும். அதற்கு மேல் மிகவும் ஆழமானால் கழுத்து எட்டாது.

அவசரப்பட்டு இரண்டே நாளில் வடித்தால் சேறு பாளம் பாளமாக வெடிக்கும். முளைப்பது களைதான். நீங்கள் பார்த்தது அந்த வேலை.

உள்ளான் எழுதியது:

நீங்கள் பொறுப்பானவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் விவரித்தது வாத்துக்கு ஒரு வயல். சதுப்பு என்பது வாத்து மட்டுமா? தவளை, ஆமை, மீன், நீர்நாய், தும்பி எல்லாம் எங்கே போகும்? வலசை வாத்து சில மாதம் தங்கிப் போகும் விருந்தாளி. ஆமை அங்கேயே பிறந்து அங்கேயே சாகும் வீட்டுக்காரர். விருந்தாளி வருவதற்காக வீட்டுக்காரரை வெளியேற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

தீனியைப் பெருக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு வட அமெரிக்கப் பனிவாத்துகளே சாட்சி. குளிர்காலத்தில் அறுவடை வயல்களின் தானியமும் காப்பிடங்களின் பாதுகாப்பும் சேர்ந்து அவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கோடையில் அவை அட்சன் விரிகுடாக் கரையோரம் போய், புல்லை வேரோடு பிடுங்கித் தின்று, உப்புப் படிந்த வெறும் சேறாக்கிவிட்டன. கடைசியில் 1999 இல் அமெரிக்க அரசு வேட்டை விதிகளைத் தளர்த்த வேண்டி வந்தது. காப்பாற்றிய கையே சுடச் சொன்னது.

கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் காப்பிடத்தையும் மறக்க வேண்டாம். பாசன வடிகால் நீரை அங்கிருந்த குளங்களில் விட்டார்கள். அதில் அளவு மீறினால் நஞ்சாகும் செலினியம் இருந்தது. 1983 இல் அங்கே பொரிந்த நாமக்கோழிக் குஞ்சுகளுக்கும் முட்டைக்குள் இருந்த கருக்களுக்கும் கண் இல்லை, அலகு கோணல், கால் இல்லை. அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்ததும் ஒரு நிர்வாகத் திட்டம்தான்.

கோரைக்காடு எழுதியது:

உள்ளான் அண்ணா, உங்கள் பக்கத்துக்குப் பாதகமான ஒரு சாட்சி இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்: ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் பறவைச் சதுப்பு.

அங்கே காலங்காலமாக எருமைகள் மேய்ந்தன. தேசியப் பூங்கா ஆனதும், மேய்ச்சல் பறவைகளைக் கெடுக்கும் என்று நம்பி 1982 இல் அதைத் தடை செய்தார்கள். கிராம மக்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தடை வேண்டும் என்று சொன்னவர்களில் சலீம் அலியும் ஒருவர். பறவைகளுக்காகவே வாழ்ந்தவர் அவர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பிறகு நடந்தது என்ன? எருமை போனதும் பாசுபாலம் என்ற நீர்ப்புல் திறந்த நீரை மூடிவிட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்து வருடம் ஆய்வு செய்து, எருமைகள் அந்தச் சதுப்பின் ஓர் உறுப்பாகவே இருந்தன என்ற முடிவுக்கு வந்தது. தடையைக் கேட்ட அமைப்பும் அதுதான், தடை தவறு என்று எழுதியதும் அதுதான். இந்த விவாதத்தில் நான் மிகவும் மதிக்கும் செய்கை இது. பிறகு புல் அறுத்துக்கொள்ள மக்களை உள்ளே விட்டார்கள்.

“தொடாமல் விடு” என்பதும் ஒரு நிர்வாக முடிவுதான் அண்ணா. அதற்கும் விலை உண்டு. பரத்பூரில் அந்த விலையைக் கொடுத்தவர்கள் எருமை வைத்திருந்த ஏழைகள்.

உள்ளான் எழுதியது:

கேவலாதேவ் எனக்கும் நெருடல்தான், மறைக்கவில்லை. ஆனால் அது மன்னர் காலத்தில் கரை கட்டி, மதகு வைத்து, வாத்துச் சுடுவதற்காக வளர்த்த சதுப்பு. 1938 இல் ஒரே நாளில் நாலாயிரத்துக்கும் மேல் பறவைகளைச் சுட்ட கணக்கு அங்கே கல்லில் வெட்டி இருக்கிறது. கையால் உண்டாக்கியதைக் கையால்தான் காக்க முடியும் என்றால், சரி. இயற்கையான சதுப்புக்கும் அதே விதியா?

மதகடி எழுதியது:

மேலே அணை இல்லாத, வடிகால் வெட்டாத, ஆறு இன்னும் தன் போக்கில் வந்து போகும் சதுப்பு என்றால் நானே சொல்கிறேன், தொடாதீர்கள். அப்படிப்பட்டவை மிகக் குறைவு.

விருந்தாளி, வீட்டுக்காரர் கணக்குக்கும் பதில் சொல்கிறேன். முழுக் குளத்தையும் யாரும் வடிக்கக் கூடாது. நடுவில் ஆழ்மடு ஒன்றை விட்டுவிட வேண்டும். மட்டம் இறங்க இறங்க மீனும் தலைப்பிரட்டையும் அங்கே ஒதுங்கும். நாரையும் கூழைக்கடாவும் குஞ்சுக்கு இரை தேடும் நாளோடு அது பொருந்தினால், அந்த மடுவே அவற்றுக்குக் களஞ்சியம். உங்கள் பெயர் கொண்ட உள்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டியது விரல் மூழ்கும் நீர், அதன் கீழே குழைந்த சேறு. ஒருநாள் காலையில் அந்தச் சேற்றை ஒரு கைப்பிடி அள்ளி விரித்தேன். சிவந்த புழுக்கள் நூல் நூலாக நெளிந்தன. கண்டம் கடந்து பறக்கிறவனுக்கு எண்ணெய் அதுதான். எப்போதும் நிறைந்தே இருக்கும் குளத்தில் அந்தப் புழு இருக்கும், ஆனால் அவன் அலகுக்கு எட்டாது.

வெண்கொக்கு எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். இருவருமே தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: நோய்.

லோயர் கிளமத், 1908 இல் அமெரிக்காவில் நீர்ப்பறவைகளுக்கென்றே அமைந்த முதல் காப்பிடம். அந்தப் படுகையின் தண்ணீர் பாசனத்துக்கும் ஆற்று மீன்களுக்கும் பங்கு போன பிறகு மிச்சம்தான் காப்பிடங்களுக்கு. 2020 இல் நீர் வராமல், இருந்த சில குட்டைகளில் பறவைகள் நெருக்கியடித்தன. பாட்டுலிசம் என்ற நச்சு நோய் பரவி ஏறத்தாழ 60,000 பறவைகள் செத்தன.

அது பரவும் விதம் கொடுமையானது. கிருமியின் வித்துகள் எப்போதும் சேற்றில் இருக்கின்றன. நீர் சூடாகி, காற்று குறைந்து, ஒரு பறவை செத்து மிதந்தால் அதன் உடம்பில் நஞ்சு ஊறும். அதைத் தின்னும் ஈப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நஞ்சு அதனுள் சேர்ந்துகொண்டே போகும். பசித்த வாத்து அந்தப் புழுவைக் கொத்தும். முதலில் சிறகு தளரும், பிறகு கழுத்து துவளும். தலையைத் தூக்க முடியாமல் நீரிலேயே மூழ்கிச் சாகும். அந்த உடம்பிலும் புழு வைக்கும். இந்தச் சங்கிலியை அறுக்க நம் கையில் இருக்கும் ஒரு வழி, இறங்கிச் செத்தவற்றைப் பொறுக்குவது. தினமும், கையால். துவண்ட பறவையை நிழலில் வைத்து நல்ல தண்ணீர் புகட்டினால் பிழைப்பதும் உண்டு, என் மடியிலேயே சில எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

அப்படிப்பட்ட நாளில் “இயற்கை பார்த்துக்கொள்ளும்” என்று கரையில் நிற்க என்னால் முடியாது, உள்ளான்.

உள்ளான் எழுதியது:

இதைப் படித்துவிட்டு நேற்று இரவு பதில் எழுதவில்லை. செத்த பறவையைப் பொறுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிளமத்தில் இல்லாமல் போனது வேலையாள் அல்ல, தண்ணீர். வயலுக்குப் பங்கு எழுதும்போது சதுப்புக்கும் ஒரு பங்கை உரிமையாக எழுதாதவரை, மதகைத் திறப்பதில் எவ்வளவு திறமை இருந்தும் என்ன? நம் உழைப்பெல்லாம் உள்ளே இருக்கும் பலகையில் போகிறது. சண்டை வெளியே, ஆற்றில் அல்லவா நடக்க வேண்டும்?

மதகடி ஐயா, இவ்வளவு வரை இறங்கி வருகிறேன். ஒன்று, பலகை தூக்கும் முன் கோரைக்குள் இறங்கிக் கூடு தேட வேண்டும். ஒரு கூடு இருந்தாலும் குஞ்சு இறங்கும்வரை பலகை அசையக் கூடாது. இரண்டு, வருகிற தண்ணீரைச் சோதிக்காமல் உள்ளே விடக் கூடாது. மூன்று, எல்லாக் குளத்தையும் ஒரே வருடம் தொடக் கூடாது. இதை எழுத்தில் வைத்து, மக்கள் பார்க்கும்படி ஒட்டுகிற காப்பிடம் என்றால் எதிர்க்க மாட்டேன். தீ வைப்பதையும் தீவனத்துக்கென்று பயிர் வைப்பதையும் இப்போதும் எதிர்க்கிறேன்.

மதகடி எழுதியது:

மூன்றும் எனக்குச் சம்மதம். முதலாவதை நாங்கள் ஏற்கெனவே செய்கிறோம், ஆனால் ஒட்டி வைப்பதில்லை. அது எங்கள் குறை, இந்த வருடமே ஒட்டுகிறோம். ஆற்றில் நடக்க வேண்டிய சண்டையைப் பற்றி நீங்கள் சொன்னதும் முழுக்க உண்மை.

ஒரு கேள்வி மட்டும் உங்களுக்கும் மற்றவர்களுக்கும். மூன்று குளம் இருக்கிறது, வந்திருப்பது ஒரு குளத்துக்கான தண்ணீர். முதல் குளத்தில் நாரைக் குஞ்சு இன்னும் பறக்கவில்லை. இரண்டாவதில் ஆமையும் மீனும் மடுவில் ஒதுங்கி நிற்கின்றன. மூன்றாவதில் விதை முற்றி நிற்கிறது, வாத்துகள் மூன்று வாரத்தில் வந்துவிடும். போன வருடம் நான் முதல் குளத்துக்கு விட்டேன். மடு வற்றியது. நீங்களாக இருந்தால் எந்தப் பலகையைத் தூக்கியிருப்பீர்கள்?

கோரைக்காடு எழுதியது:

ஐயா, நானும் முதல் குளத்துக்குத்தான் விட்டிருப்பேன். மடுவில் இருந்த ஆமைகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு போய் அங்கே விட்டிருப்பேன். ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், இந்த முறை நாங்கள் நாலு பேர் வருகிறோம்.

உள்ளான் எழுதியது:

ஐந்து பேர்.